அப்பா இடுப்பில் முடிந்து வந்த ஐந்து பொன் காசு

எலவனாசூர்கோட்டை
14.6.1992

அன்பு மகள் ஆண்டாளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அங்கே சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அப்படியே சுகமாயிருக்க அந்தப் பெருமாள் துணையிருக்கட்டும். முதலில் இதைப் படித்துவிடு, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், கேஸ் ஒன்றும் இல்லை. அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது என்று போன வாரம் நாலே வரியில் கார்டு போட்டு உன்னைப் பயமுறுத்திவிட்டேன், அப்போது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. லீவு போட்டுக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

நடந்தது இதுதான் கண்ணு. அப்பாவும் மேலத்தெரு பிச்சைமுத்துவும் ஏரிக்கரைப் பக்கம் ஒருத்தர் கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டப் போனார்கள். மூன்றடியில் ஒரு சின்னக் கலயம், அதில் பத்துப் பொன் காசு, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. ஒரு பக்கம் நடுவில் ஒருவர் நிற்கிறார், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், மறுபக்கம் என்னவோ எழுத்து. ராஜா ரெண்டு பொண்டாட்டியோட நிக்கிறான், இதுக்கு இன்னாத்துக்கு பயம், உருக்கிட்டா எவனுக்குத் தெரியும் என்றானாம் பிச்சைமுத்து. அப்பாவோ, கையில சங்கு சக்கரம் தெரியுது பாருடா, இது பெருமாளு, உருக்கினா குடும்பம் வெளங்குமா என்றாராம். வாய்ச்சண்டை முடிந்து ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பா இடுப்பில் முடிந்துகொண்டு வந்தார். விற்கவும் மனசில்லை, யாரிடமும் சொல்லவும் தைரியமில்லை. என் மேலும் தப்பு இருக்கிறது, பெருமாளே வீடு தேடி வந்திருக்கிறார் என்று மஞ்சள் பூசி விளக்கடியில் வைத்து நாலு நாள் கற்பூரம் காட்டினேன்.

பிச்சைமுத்து கள்ளக்குறிச்சியில் ஒரு பத்தரிடம் கொண்டுபோயிருக்கிறான். அவர் ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டுப் போலீசுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அவனை அங்கேயே பிடித்துவிட்டார்கள், அவன் அப்பா பேரையும் சொல்லிவிட்டான், சாயங்காலமே நம் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் எதையும் தொடலை என்று அப்பா சாதித்துவிட்டார், நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். விளக்கு முன்னால் வந்த போலீஸ்காரர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார். அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

காசைக் கொடுத்தால் அவர் பொய் சொன்னது தெரிந்துவிடும், கொடுக்காவிட்டால் அடிப்பார்கள். விடிந்ததும் ஐந்தையும் துணியில் முடிந்துகொண்டு வி.ஏ.ஓ. காசிநாதனிடம் போய் அழுதேன். ஸ்டேஷனுக்குப் போவாதம்மா, தாசில்தார் கையில நேரா குடுத்துடலாம் என்று அவரே உளுந்தூர்பேட்டைக்குக் கூட்டிப்போனார், புண்ணியவான். தாசில்தார் பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். உங்க வூட்டுக்காரர் சொன்னதும் சரி, அந்த ஆள் சொன்னதும் பாதி சரி, முன்பக்கம் பெருமாளும் தாயாருங்களும், பின்பக்கம் எழுதியிருக்கிறது ராஜா பேரு என்றார். ஏம்மா இத்தனை நாள் வச்சிருந்தே என்று கேட்டார். சாமின்னு கும்பிட்டுக்கினு இருந்தோங்க என்றேன், வேறு என்ன சொல்ல. மஞ்சள் ஒட்டியிருந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரசீது எழுதிக் கொடுத்தார், ஸ்டேஷனுக்கும் போன் போட்டார். தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்ததால் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிச்சைமுத்துவின் ஐந்தும் போலீஸ் கைக்கு வந்துவிட்டதால் மத்தியானம் இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். காசெல்லாம் மெட்ராஸ் மியூசியத்துக்குப் போகுமாம். வெட்டுப்பட்ட காசில் பெருமாளுக்குக் கழுத்து போய்விட்டது என்று பிச்சைமுத்து சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறான், பாவம்.

அப்பாவுக்கு அடி ஒன்றும் படவில்லை, முட்டி போட வைத்ததில் கால் வலி மட்டும்தான், தைலம் தேய்க்கிறேன். வந்த அன்று சோறு போடும்போது, ஏன் அப்படிப் பொய் சொன்னே என்று கோபமாகவே கேட்டேன். வூட்ல இருக்குதுன்னு சொன்னா உன்னையும் இல்ல ஜீப்புல ஏத்தியிருப்பானுங்க என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாய் இருங்கள், பேரப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. அவனுக்குத் தட்டம்மை ஊசி தள்ளிப்போடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரி போடு, அப்பா தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு உன் அம்மா,
பொ. ராணியம்மாள்