தெற்கை வடக்கென்று வாசித்தேன்

பங்குனி 18, செவ்வாய், இரவு.

காலையில் மீனவர் சங்கத்து மைக்கில் வானிலை வாசித்தபோது, சூறைக்காற்று வீசும் தெற்குக் கடலை வடக்குக் கடல் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். பாம்பனில் இரண்டு கடலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா குழம்பும்? என் பேச்சைக் கேட்டு முனியசாமி படகைத் தெற்கே விட்டான். வலையைப் பறிகொடுத்து, கை கிழிந்து, சாயங்காலம்தான் கரைசேர்ந்தான்.

அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

"கணிப்பு தப்புறது சகஜந்தானக்கா. அதுக்கு நீங்க என்ன செய்வீக?" என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

கணிப்பு தப்பவில்லை. அதைச் சொல்லாமல், அவன் மனைவி கொடுத்த டீயை மட்டும் குடித்தேன்.

வாசலில் இறங்கும்போது கேட்டான்: "நாளைக்கு எந்தக் கடலுக்குப் போகலாம்க்கா?"