ரப்பர் ஷீட்டில் வெட்டிய வாசர்

மச்சான்,

பள்ளத்தில் இருந்த நம் லயத்து வீடுகளைக் கடல் அள்ளிக்கொண்டு போன மறு வருடம் அது. கச்சால் தீவில் ஜெட்டி உடைந்து, போர்ட் பிளேர் கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்ற வருடம். ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்று, நாமெல்லாம் மேட்டில் தகர ஷெட்டில் கிடந்தோம். நாலு குடும்பத்துக்கு ஒன்று என்று மோட்டார் படகு கொடுத்ததும் அந்த வருடம்தான். எனக்கு எழுத்தும் தெரியாது, வருடத்தின் நம்பரும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள்.

போன மாதம் உன் மருமகனின் டிங்கிப் படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேர் ஹேடோவில் ஒரு மெக்கானிக் கடைக்குப் போனோம். தெலுங்குக்காரர் கடை. தண்ணீருக்குள் நிற்கும் மோட்டாரின் காலில் இருந்த ஸ்க்ரூவை அவர் கழற்றியதும் கியர் ஆயில் வாடை கிளம்பியது. அழுகிய முட்டை வாடை. அது மூக்கில் ஏறியதுமே, போய்ச் சேர்ந்த நீ வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டாய்.

அந்த வருடம் கச்சாலில் நம் படகு மோட்டாரும் அப்படித்தான் ஒழுகியது. கரையில் கட்டிய படகைச் சுற்றித் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய் படர்ந்தது. நமக்கு மரத்தைத் தெரியும், கத்தியைத் தெரியும், மோட்டாரை யார் கண்டது? ஆனாலும் நீ விடவில்லை. மண்ணெண்ணெய் போட்டுக் காலைத் துடைத்தாய். என் வெள்ளைத் துண்டைக் கிழித்து மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று கட்டினாய். புகை வரும் வழியாகக் கறுப்பாகத் துப்புவது பெட்ரோலில் கலந்த எண்ணெய், அது எல்லா மோட்டாரிலும் உண்டு, இது வேறு என்று மோந்து பார்த்தே சொன்னாய். விசிறியைக் கழற்றித் தண்டில் மீன் பிடிக்கிற தங்கூசு நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. சாயங்காலம் கீழ்த் துண்டு மட்டும் நனைந்திருந்தது.

கீழ் ஸ்க்ரூவைத் திறந்தாய். எண்ணெய் வெள்ளையாக வந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் கலந்திருந்தது. நீ சிரட்டையை அடியில் பிடித்துக்கொண்டு, "மரத்துல எடுத்தது பத்தலன்னு மோட்டாருலயும் பால் எடுக்கிறோம் மச்சான், கங்காணி வந்தா நிறுத்துக் குடுப்போம்" என்றாய். அலைக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். என் பெண்டாட்டியும் பையனும் போன பிறகு எனக்குப் பல் தெரிந்த முதல் நாள்.

எண்ணெய் ஒழுகாமல் ஸ்க்ரூவுக்கு அடியில் அடைக்கும் வாசர் வெடித்து உதிர்ந்துவிட்டது. புது வாசருக்குக் கப்பல் வர வேண்டும். நான்தான் சொன்னேன், நம்மிடம் இல்லாத ரப்பரா என்று. ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூண்டில் தப்பிக் கிடந்த ஒரு ஷீட்டில், பால் வெட்டும் கத்தியால் ஒரு வட்டம் வெட்டினேன். நடுவில் ஓட்டை போட்டு மாட்டி, புது எண்ணெய் ஊற்றி முடுக்கினோம். ஒரு சொட்டு இல்லை. லயத்துக்கே நீதான் இஞ்சினியர் என்றாய். ஷெட்டு ஷெட்டாகப் போய்ச் சொன்னாய். அந்தப் பெருமையில் எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கியது.

பத்தாவது நாள், உன் பெண்டாட்டியான என் தங்கச்சியின் கைக்கட்டைப் பிரிக்க அவளைக் கமோர்ட்டா தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாய். துடுப்புக்கு உன் தம்பி முருகேசு. நானும் வருவதாக இருந்தது. அரிசி கொடுக்கிறார்கள் என்று வரிசையில் நின்றுவிட்டேன்.

நடுக்கடலில் மோட்டார் இறுகி நின்றது. நீரோட்டம் உங்களை இழுத்துப் போனது. மறுநாள் மத்தியானம் தூரத்தில் கரை தெரிந்ததும், நீந்திப் போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று முருகேசு குதித்தான். அவன் தலை தெரிந்தவரை பார்த்தீர்களாம். அடுத்த நாள் ஒரு கப்பலில் வந்தவர்கள் கண்டு உங்கள் இரண்டு பேரையும் ஏற்றி, படகையும் இழுத்து வந்தார்கள்.

நீ கரை வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி வாசரைப் பற்றித்தான். "உன் வாசர் அப்படியே இருக்கு மச்சான். தண்டுல தங்கூசு சுத்தி, எண்ணெய அடைக்கிற உள் சீல அறுத்துருச்சு" என்றாய். மோட்டார் பக்கம் என்னை விடவில்லை. நீயே கழற்றினாய், நீயே மூடினாய். முருகேசின் காரியத்தன்று, அந்தத் தங்கூசைக் கடலில் போட்டவன் எவனோ, அவனை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ என் தோளைப் பிடித்து, "ஏசாத மச்சான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்" என்றாய்.

எத்தனை வருடம் அந்த வார்த்தையை உன் நல்ல மனசுக்கு அடையாளமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஹேடோ கடையிலும் பெருமை பேசப் போனேன். அந்தக் காலத்தில் நாங்கள் ஷீட் ரப்பரிலேயே வாசர் வெட்டிப் போட்டோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றேன். மெக்கானிக் தலை நிமிராமல், "கித்னே தின், சாச்சா?" என்று கேட்டார். எத்தனை நாள் என்று. எனக்கு விளங்கவில்லை. "கச்சா ரப்பர் தேல் பீத்தா ஹை" என்றார். பச்சை ரப்பர் எண்ணெயைக் குடிக்குமாம். குடித்து ஊதிப் பிதுங்கி, பசையாகி வெளியே வந்துவிடுமாம். அப்புறம் ஸ்க்ரூ தானாகக் கழன்று விழும், எண்ணெய் முழுக்கக் கொட்டிப் பல்சக்கரம் இறுகிவிடும் என்றார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது ஞாபகம் இல்லை.

நம்பவில்லை மச்சான். கச்சாலிலிருந்து கொண்டுவந்த அதே ஷீட்டின் மிச்சம் என் பெட்டியில் கிடந்தது. கடையில் கொஞ்சம் கியர் எண்ணெய் வாங்கிவந்து, போத்தல் மூடியில் ஊற்றி, ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். கட்டிலுக்கு அடியில் வைத்துத் தினமும் பார்த்தேன். நாலாம் நாள் தடித்தது. எட்டாம் நாள் விரலால் தொட்டேன், அட்டை மாதிரி வழுக்கியது. பத்தாம் நாள் நசுக்கினேன். நகத்தோடு வந்துவிட்டது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தங்கச்சி முன்னால் போய் நின்றேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஒருதரம் பார்த்தாள். இது என்னவென்று கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"படகுலயே பாத்துட்டோம்ணே. மூணு பேரும் பாத்தோம். ஸ்க்ரூவக் காணோம், ஓட்டையச் சுத்தி ஒட்டுப்பால் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவர் வழிச்சுக் கடல்ல போட்டாரு. 'அலையில அவனுக்குப் போனது போதும், இதையும் அவன் தலையில வைக்க வேணாம்'னாரு."

"முருகேசு?"

"அதுவும் சரின்னுச்சுண்ணே. சொல்லமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் மறுநாள் குதிச்சுச்சு."

உன் மகள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். எழுது ஆத்தா, சித்தப்பனைப் பற்றியதுதானே, எழுது என்றேன்.

மச்சான், தம்பியைக் கொன்ற கையோடு கை சேர்த்து ஒரே தட்டில் எப்படிச் சாப்பிட்டாய்? காய்ச்சலில் கிடந்த கடைசி நாளிலும் என் கையால்தானே கஞ்சி குடித்தாய். அப்போதாவது ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். நான் யாரையோ ஏசினேனே, அதில் பாதியாவது.

நசுங்கிய அந்தத் துண்டைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். வேட்டியில் எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. துவைத்தாலும் அந்த வாடை போகவில்லை.

படகில் அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். முருகேசைக் கடல் கொண்டுபோனது. உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது. இன்றைக்கும் மீன் துண்டில் பெரியதை என் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் ஒருத்திதான் மிச்சம். என் தங்கச்சி ராமாயி.