பிரிக்காமல் வைத்த எஸ்.எஸ்.டி. பெட்டி

அண்ணி,

உங்கள் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. இரண்டு பொங்கலுக்கு முன் உங்களுக்காகத் திருவாரூரில் நான் வாங்கிவந்த எஸ்.எஸ்.டி., லேப்டாப்பை வேகமாக்கும் டிஸ்க். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை. அந்துருண்டை வாசனை ஏறிப்போயிருந்தது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபம் வரலாமா? எனக்கு வந்தது.

உங்கள் பழைய லேப்டாப் திறக்க முழுசாகப் பத்து நிமிடம் ஆகும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, காலேஜ் என்று தெருவில் யாருக்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றாலும் உங்களிடம்தான் வருவார்கள். பொத்தானை அழுத்திவிட்டு, "அது மெதுவா எந்திரிக்கட்டும், நீ சொல்லு" என்பீர்கள். உள்ளே ஹார்டுடிஸ்க் கறகறவென்று சுற்றும். எனக்குப் பொறுக்காது. "இதத் தூக்கி வாய்க்கால்ல போடுங்க அண்ணி" என்று கத்துவேன். கத்தி அலுத்துத்தான் புது டிஸ்க்கே வாங்கினேன். "அறுப்பு முடியட்டும்டி, மாத்திக்கலாம்" என்றீர்கள். இரண்டு அறுப்பு முடிந்தது. கார்த்திகையில் நீங்களும் போய்விட்டீர்கள்.

"தெருவுல கேக்குறாங்க, இனிமே நீ பாரு" என்று அண்ணன் லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். தெருவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. "அண்ணிகிட்ட மாதிரி இதுகிட்ட பேச முடியுமா, வள்ளுன்னு விழும்" என்று குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். வேலையைச் சுருக்காக முடித்துக்கொடுத்தால் தானாக வருவார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கை நானே மாற்றினேன். பழையதில் இருந்ததை எல்லாம் முதலில் புதியதில் நகலெடுக்க மூன்று மணி நேரம். கரண்ட் போய்விடக் கூடாதே என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பின்மூடியைக் கழற்றினால் விசிறி முழுக்க நெல் சுணை. களத்துமேட்டில் வைத்தும் வேலை பார்த்திருக்கிறீர்களே. பிரஷால் தட்டித் தட்டி எடுத்தேன். கை அரித்தது. கொஞ்சம் அழுதேன். எல்லாம் முடித்துப் பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டே விநாடி. "பாத்தீங்களா அண்ணி" என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள், கோடிவீட்டு சகாயமேரி அக்கா, தன் மகளுக்கு வருமானச் சான்று போட வந்தார். அவர் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் லேப்டாப் தயார். கால் மணி நேரத்தில் விண்ணப்பமும் போயாயிற்று. "அதுக்குள்ளயா" என்றார். வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லம்மா."

போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களிடம் வந்த யாரும் வந்த காரியத்தை மட்டும் பேசிவிட்டுப் போனதில்லை. பி.எட். விண்ணப்பம் போட உங்களிடம் வந்தபோது, அந்தக் கறகற சத்தத்துக்கு நடுவில்தானே, வீட்டுக்காரரிடம் திரும்பிப் போகமாட்டேன் என்று நானே முதன்முதலாகச் சொன்னேன். "சரி, இங்கயே இரு" என்றீர்கள். திரை எப்போதோ திறந்திருந்தது. நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு என்று பொய் சொல்லி அக்காவைத் திரும்ப வரவழைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். "இது இன்னும் எந்திரிக்கலக்கா, நீங்க சொல்லுங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். டம்ளர் பாதி காலியானதும் சொன்னார். மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருக்கிறது. அப்பா அனுப்ப மாட்டேன் என்கிறார். மாப்பிள்ளை பார்க்கிறாராம்.

"ஒங்க அண்ணி இருந்தா வந்து ஒரு வார்த்த சொல்லுவாங்க."

"நான் வர்றேன்க்கா."

"சண்ட போட மாட்டியே?"

போடவில்லை அண்ணி. அவர்கள் வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணின் அப்பா பேசி முடிக்கும்வரை கேட்டேன். பெண் தனியாக ஹாஸ்டலில் இருக்க வேண்டுமே என்ற பயம்தான் அவருக்கு. கடைசியில், "மொதல்ல ஹாஸ்டல ஒருதடவ பாத்துட்டு வருவோம்" என்றார். வியாழக்கிழமை நாங்கள் நான்கு பேரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுகிறோம்.

அந்தப் பெட்டியை நீங்கள் வேண்டுமென்றே பிரிக்காமல் வைத்தீர்களா, மறந்துதான் போனீர்களா, தெரியவில்லை. பழைய ஹார்டுடிஸ்க்கை அதே பெட்டியில் போட்டுப் புடவைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். லேப்டாப் இப்போது பன்னிரண்டு விநாடியில் திறக்கிறது. யார் வந்தாலும், பத்து நிமிடம் கழித்துத்தான் நான் பொத்தானைத் தொடுகிறேன்.