அக்காவின் செவி நரம்பும் சித்தப்பாவின் வெண்பாவும்

என் அன்பு அக்காவுக்கு,

நீ காய்ச்சலில் செத்துப்போய் இருபத்தாறு நாளாகிறது. சண்டையால் கீரிமலைக்குப் போகப் பாதை இல்லாததால் அந்தியேட்டிக் கிரியையை அரியாலைக் கடலோரத்திலேயே செய்யப்போகிறோம். என் கோபம் அதுவல்ல. முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குச் சித்தப்பா ஒரு வெண்பா எழுதியிருக்கிறார். செவி செத்து மௌனத்தில் வாழ்ந்தாயாம் நீ.

நீயா மௌனத்தில் வாழ்ந்தாய்? குண்டு விழுந்து காது போன பிறகும் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தவள் நீ. மிஞ்சியிருந்த கொஞ்சச் செவிப்புலனுக்குக் காதுக்கருவி உதவியது. பிறகு எங்கள் பக்கத்துக்குப் பற்றரி வர அரசாங்கம் தடை போட்டது. சட்டைப் பொத்தான் அளவு பற்றரியை வைத்து நீ யாரை என்ன செய்துவிடுவாய் என்று பயந்தார்களோ? செவி செத்தது என்று பாட்டுக் கட்டுகிறவர்கள் அதைப் பட்டினி போட்டவர்களைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதுவதில்லை?

இங்கே திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து நான் கொண்டுவந்து தந்த ஆய்வுக் கட்டுரையை நீ ஒரு கிழமை, ஏழு நாளும், கையிலிருந்து இறக்கவில்லை. உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்க்கலங்கள் என்ற உயிரணுக்கள் அழிந்தாலும் செவி நரம்புக்கலங்கள் உடனே சாவதில்லை. அவற்றை உயிரோடு வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கிடைக்காமல் வாடுகின்றன. அதை ஊட்டினால் பிழைக்கின்றன என்று அதில் இருந்தது.

"என்ரை நரம்பு சாகேல்லையடா, பசியிலை கிடக்குது" என்றாய்.

அதோடு விட்டாயா? பிழைத்த கலம் பழையபடி மின்துடிப்பு அனுப்புமா? ஒரு காரணியை ஊட்டினால் ஒரு தடவை துடித்து அடங்கி, இன்னொன்றை ஊட்டினால் விடாமல் துடிக்குமா? கட்டுரையில் விடை இல்லை என்று எரிச்சல்பட்டு, இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதிவைத்தாய்.

அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் போடச் சொன்னேன். தாள் தட்டுப்பாட்டில் கோடுபோட்ட பள்ளிக் கொப்பித் தாளில்தான் அச்சடிக்கிறார்கள். ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம், அதில் வெண்பா வரவேண்டும் என்றார் சித்தப்பா.

"செத்தவீட்டுப் புத்தகத்திலை நரம்பைப் பற்றி ஆர் வாசிக்கிறது? சனம் சிரிக்கும்."

சிரிக்கட்டும். இன்று காலை அச்சகத்துக்குப் போய், அச்சுக் கோத்து வைத்திருந்த வெண்பாவைக் கலைக்கச் சொல்லிவிட்டு உன் பக்கத்தைக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது கோபம் என் மேலேயே வந்தது. உனக்கு முன்னால் நானும் வாய் திறந்ததில்லையே. எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன், அதை அன்பு என்று நினைத்தேன். "எழுதாதை. கதை. கேக்காட்டிலும் கதை" என்று எத்தனை தரம் என்னைப் பேசச் சொன்னாய்! தலையாட்டிவிட்டு மறுபடியும் சிலேட்டைத்தான் எடுத்தேன். உன்னை மௌனத்தில் வைத்தவர் சித்தப்பா மட்டுமா?

முப்பத்தோராம் நாள், பந்தி போடுவதற்கு முன், சொந்தக்காரர் எல்லோரும் இருக்க உன் பக்கத்தை உரத்து வாசிப்பேன். சித்தப்பா எழுந்து போனாலும் நிறுத்தமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு கதைத்திருக்க வேண்டிய
தம்பி