பயந்தால் விடாத கை

திங்கள், கார்த்திகை 9

விடியவே மழை. பிக்அப் முற்றத்தில் நனைகிறது. புதைந்த வண்டிகளை இழுக்க முன்னால் பூட்டியிருக்கும் வின்ச்சுக்கு மேல் உரப்பையைக் கட்டிவிட்டு வந்தேன். கட்டும்போதும் அதில் கை படாமல் பார்த்துக்கொண்டேன்.

இன்று: இவருக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரி. சீனி. பக்கத்து வீட்டுச் சட்டைக்குக் கை பொருத்த வேண்டும், மூன்று நாளாகக் கிடக்கிறது.

இவருடைய இடது கையில் இரண்டு விரலுக்குத் தையல். மோதிர விரல், சின்ன விரல். விரல் தப்பிவிட்டது என்றார் டொக்டர். இன்றோடு பன்னிரண்டு நாள். பார்க்க வருகிற எல்லோருக்கும் இவர் ஒரே கதைதான் சொல்கிறார்: "வின்ச் றிமோட் பட்டன் இறுகிட்டு. அவள் பாவம், என்ன செய்வாள்?"

அவர்களும் என்னைப் பார்த்து "பாவம்" என்கிறார்கள். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்விடுகிறேன்.

செவ்வாய், கார்த்திகை 10

மழை இல்லை. மூட்டம். எழுதிவிடுகிறேன், இந்தக் கொப்பியை இவர் தொடமாட்டார்.

பட்டன் இறுகவில்லை.

அன்றைக்கு வயல் வட்டைக்குள் புதைந்த உழவு மெசின் ஒன்றை இழுக்கப் போனோம். வழமைபோல இவர் சேற்றுக்குள் இறங்கிக் கொழுக்கியை மாட்டுகிறார், நான் பிக்அப் பக்கத்தில் றிமோட்டோடு. (கூட வேலை செய்தவர் கட்டாருக்குப் போன பிறகு எட்டு மாதமாக நான்தான்.) கம்பிக்கயிற்றின் தொய்வை எடுக்கச் சொன்னார். பட்டனை அமத்தினேன். கொழுக்கிக்கும் மெசின் வளையத்துக்கும் நடுவில் விரல் அகப்பட்டுவிட்டது. "நிப்பாட்டு! நிப்பாட்டு!" மெசின்காரர் ஓடிவந்து றிமோட் வயரைப் பிடுங்கும் வரை நான் நிப்பாட்டவில்லை.

விட்டால் நிற்கிற பட்டன் அது. விட்டால் போதும். அந்தச் சத்தம் கேட்டதும் கை இன்னும் இறுக்கிப் பிடித்தது. தையல் மெசினில் ஊசி குத்தினால் கால் தானாக மேலே வரும். இந்தக் கைக்கு மட்டும் என்ன கேடு?

அடுத்த தடவை விரலோடு போகுமா? இதை யாரிடம் கேட்பது?

புதன், கார்த்திகை 11

புது றிமோட் வாங்கக் காத்தான்குடி. ஸ்கூட்டியை நான் ஓட்ட, இவர் பின்னால். "நீயே பாத்து எடு. உன்ர கைதானே பிடிக்கப் போகுது" என்றார். நல்ல மனிசன். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

வாகன உதிரிப்பாகக் கடை. கடைக்கார முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் காக்கா, மூன்றை எடுத்து வைத்தார்.

1. கார்த் திறப்புச் சாவி மாதிரிச் சின்னது. வயர் இல்லை. இரண்டு பட்டன், இரண்டும் ஒரே அளவு.
2. துளைக்கிற மெசினின் கைபிடி மாதிரி. அமுக்கிப் பிடித்தால் இழுக்கும். வயர் இல்லை.
3. வயரோடு ஒரு கறுப்புப் பெட்டி. மேலே லீவர், அதன் தலையில் குண்டு. கை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். பார்க்க அவலட்சணம்.

"முதலாவத எடுங்க தங்கச்சி. தூரத்தில நிண்டு அமத்தலாம். சின்னப் புள்ளைக்கும் விளங்கும்."

விளங்குகிறதா பிரச்சினை? எது இழுக்கும், எது விடும் என்று எனக்கு அன்றைக்கும் நன்றாக விளங்கித்தான் இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "பழசக் கொண்டு வந்தீங்களா?" இவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் அதைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். காக்கா ஒரு சின்ன பல்பைக் கொழுவி அமத்தினார். எரிந்தது. விட்டார். அணைந்தது. திரும்பத் திரும்ப. காதெல்லாம் சுட்டது எனக்கு.

"இதில ஒரு பிழையும் இல்லியே தம்பி. பட்டன் சோக்கா இரிக்கு."

"அப்பிடியா காக்கா" என்றார் இவர்.

மூன்றையும் வீட்டில் பூட்டிப் பார்க்கச் சொல்லித் தந்தார். வேண்டாததை வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்கு முதல் கொடுக்க வேண்டும்.

கல்லடிப் பாலத்தில் பின்னாலிருந்து சொன்னார்: "நீ விடல்ல எண்டு எனக்குத் தெரியும்."

ஸ்கூட்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"உன்ர பெருவிரலப் பாத்தன். வெள்ளையாப் போயிருந்திச்சு."

"பிறகேன் இறுகினது எண்டு சொன்னீங்க?"

"பின்ன? பொஞ்சாதி விடல்ல எண்டு ஊருக்குச் சொல்லவா?"

பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தினேன். ஹெல்மட் கண்ணாடி மங்கி வழி தெரியவில்லை. அவர் இறங்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்தே மெல்லச் சொன்னார்: "எனக்கும் பயம்தான் புள்ள. நீ றிமோட்டக் கையில எடுக்கிறத நினைச்சா சேத்துக்குள்ள இறங்க மனம் வருதில்ல. வேற ஒராளப் பாக்கவா எண்டும் யோசிச்சன்."

இந்த ஒரு சொல்லைக் கேட்கக் கூடாதென்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

"பாருங்க" என்றேன். கோபத்தில்தான். பிறகு அழுதேன்.

வியாழன், கார்த்திகை 12

தூறல். தையல் பிரித்தாகிவிட்டது. விரல் வளைகிறது, முழுதாக இல்லை.

வேறு ஆளைப் பார்க்கவில்லை. காலையில் வந்து, "உன்ர கை பயந்தா என்ன செய்யுது எண்டு முதல்ல பாப்பம்" என்றார். முற்றத்தில் தென்னங்குற்றியில் கொழுக்கியை மாட்டினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு இழுக்க வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் என்னைப் பயப்படுத்துவார்.

சில்வர் தட்டு விழுத்தியது. கழுத்தில் ஈரக் கை. "பாம்பு!" (பாம்பு என்றால் எனக்கு உயிரே போய்விடும், தெரிந்துகொண்டே செய்தார். நல்லாத் திட்டினேன்.)

முதலாவது: ஆறு தடவையில் ஒரு தடவைதான் விட்டேன்.
இரண்டாவது: ஒரு தடவையும் இல்லை. குற்றி பிக்அப்பில் வந்து முட்டியது.
மூன்றாவது: லீவர்க் குண்டைப் பிடித்துத் தள்ளினால் விடவில்லை. குண்டைப் பிடிக்காமல் ஒற்றை விரலால் தள்ளினால், பயந்ததும் விரல் மடிந்து உள்ளே போய்விடுகிறது. லீவர் தனியே நிற்கிறது. ஆறுக்கு ஆறு.

என் கைக்கு விடத் தெரியாது. பொத்தத்தான் தெரியும். பொத்தினால் நிற்கிறதுதான் எனக்கு வேண்டும்.

பின்னேரம் இவர் இரும்பு அறுக்கும் வாளை எடுத்துக் குண்டை அறுத்துவிட்டார். இனிப் பிடிக்க ஒன்றும் இல்லை.

வெள்ளி, கார்த்திகை 13

மற்ற இரண்டையும் கொடுத்தாயிற்று. லீவர்ப் பெட்டியைக் காட்டி, அதை எப்படி மாற்றினோம் என்று இவர் சொல்ல, காக்காவுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இரண்டு வயரை நேற்றே மாற்றிக் கொழுவியிருக்கிறார் இவர்: முன்னுக்குத் தள்ளினால் கயிறு சுற்றும், என் பக்கம் வந்தால் தளரும்.

"தலைகீழா இரிக்கே தம்பி! இழுத்தா இழுக்கணும். அதுதானே மனிசனுக்கு வாற புத்தி?"

"இழுக்கிறதெண்டா பிடிக்கணும் காக்கா" என்றேன். "நான் பிடிச்சா விடமாட்டன்."

முதல் தடவை வெளியில் சொன்னேன். காக்கா என் முகத்தைப் பார்த்தார், இவருடைய விரலைப் பார்த்தார். "அல்லாஹ் காப்பாத்தட்டும் தங்கச்சி" என்று பெட்டியைத் திரும்பப் பையில் போட்டுத் தந்தார்.

வீட்டில் பழகினேன். பயம் குறையவில்லை. தென்னங்குற்றி கத்தாது அல்லவா.

செவ்வாய், கார்த்திகை 17

பெருமழை. மு.ப. 6.40க்குப் போன் வந்தது. தன்னாமுனை, வாவிக்கரை. மீன் ஏற்றுகிற லொறி பக்கவாட்டில் சரிந்து தண்ணீருக்குள் போகிறது, சாரதி வெளியே வந்துவிட்டார். சாப்பிடவில்லை. மூன்று தரம் கை கழுவினேன், என்னத்துக்கென்று தெரியாது.

லொறியின் அடிச்சட்டத்தில் கொழுவ இவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பெட்டி என் இடது கையில், நெஞ்சோடு. வலது கையில் ஒற்றை விரல். வாய்க்குள் பிள்ளையாரே, பிள்ளையாரே.

கொழுவிவிட்டு விலகி நின்று கை காட்டினார். "மெல்ல எடு!" தள்ளினேன். கயிறு தண்ணீரை உதறிக்கொண்டு மேலே வந்தது. கரைக்கு ஏறக் காலை வைத்தார், கரை இடிந்தது. கயிற்றுக்கு மேல் விழுந்தார். கால் கயிற்றுக்கும் லொறியின் சக்கரச் சில்லுக்கும் நடுவில்.

"நிப்—"

முடிக்கவில்லை. தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

என் கை இறுகியது. அன்றைக்கு மாதிரியே, அதே இறுக்கம். கண்ணை மூடிவிட்டேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வின்ச் சத்தம் கேட்கவில்லை. மழைச் சத்தம்தான். கண்ணைத் திறந்தால் லீவர் நடுவில் தனியே நிற்கிறது. பொத்திய கை என் நெஞ்சில்.

தலை வெளியே வந்தது. இருமினார். "நிண்டிட்டா?"

"நிண்டிட்டு."

லொறியை ஏற்றி முடிய மு.ப. 9 தாண்டிவிட்டது. சாரதியும் ஆட்களும் போன பிறகு வந்து என் வலது கையைப் பிடித்தார். இன்னும் பொத்தித்தான் இருந்தது. ஒவ்வொரு விரலாக விரித்தார். உள்ளங்கையில் நாலு நகமும் பதிந்து ஒன்றில் இரத்தம்.

"பயம் போயிட்டா?" என்று கேட்டார்.

"இல்ல."

"எனக்கும் இல்ல. அந்தப் பெட்டிய உள்ளுக்கு வை, நனையுது."