ஊசி குத்திய இடத்தில் திருநீறு

அன்புள்ள அத்தானுக்கு,

பிரிக்பீல்ட்ஸில் மழை விட்டுவிட்டது. கிழிந்திருந்த உங்கள் நீலச் சட்டையைத் தைத்து வைத்திருக்கிறேன். கெமாஸில் சாப்பாடெல்லாம் ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், சீன மருந்துக்கடை வைத்தியர் சின்சேயிடம் ஊசி வைத்தியம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தளர்ந்த உடம்புக்குத் தெம்பேற்ற வேண்டுமானால், ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை விரலால் அழுத்தி மூட வேண்டும். காய்ச்சலை வெளியேற்ற வேண்டுமானால் மூடாமல் விட்டுவிட வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்.

நேற்று நம் செண்பகத்துக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. சின்சே கிள்ளானுக்குப் போயிருந்தார். நானே அவள் கையிலும் கழுத்திலும் குத்தினேன். தெருவே கூடும்படி அழுதாள். அந்த அழுகையில் பாடம் மறந்துபோயிற்று. ஊசியை எடுத்த கையோடு, "முருகா" என்று திருநீற்றை வைத்து அழுத்திவிட்டேன். பிள்ளைக்கு எங்கே அடிபட்டாலும் என் கை அதைத்தானே செய்யும்?

இன்று காலை சின்சே வந்து பார்த்தார்.

"காய்ச்சல உள்ள வச்சுப் பூட்டிட்டியேம்மா! அத முதல்ல தொடை" என்றார்.

"சாமி திருநீறுடி, தொடைக்காதே!" என்று பக்கத்து வீட்டு இராஜம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கையை உதறிவிட்டுத் துடைத்தேன், அத்தான்.

லீவு கேட்டுக்கொண்டு நிற்காமல் கிடைக்கிற ரயிலில் ஏறிவிடுங்கள். சட்டையை இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம். பயப்பட ஒன்றுமில்லை. சின்சே அதே இடங்களில்தான் மறுபடியும் குத்தினார்.

இந்த முறை அவள் அழவே இல்லை.

வாசலையே பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி