கீர்த்தனா கல்யாணத்துக்கு எந்தக் கேமரா

ஆவணி 14, சனி
காலையில் தூறல். பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். பத்திரிகை பாக்கி மூன்று வீடு. பந்தல்காரருக்கு போன். அதெல்லாம் என் மனைவி சாந்தி பார்த்துக்கொள்வாள். எனக்கு ஒரே வேலை, கேமரா.

இருபத்திரண்டு வருஷம் ஊரார் வீட்டுக் கல்யாணம் எடுத்தாயிற்று. சொந்த மகள் கழுத்தில் தாலி ஏறுவதை வேறு எவன் எடுப்பது? என் பழைய கேமராவில் ஷட்டர் போச்சு. தருமபுரிக் கடைக்காரர் தெரிந்தவர். இரண்டைக் கொடுத்து, "வச்சுப் பாருங்க, வேண்டாததத் திருப்பிக் குடுங்க" என்றார்.

ஒன்று ஃபுல் ஃப்ரேம், பெரிய சைஸ் டிஜிட்டல். பார்க்க அந்தக் காலத்து ஃபிலிம் கேமரா மாதிரியே, தலையெல்லாம் டயல். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ரகம்.

ஆ. 15, ஞாயிறு
எடுத்துப் பார்க்க ஒகேனக்கல் பஸ். இரண்டும் கழுத்தில். டயலைத் திருக என்ன ஒரு சுகம்! மெனுவுக்குள் போகவே வேண்டாம். ஆனால் கனம். மணிக்கட்டு வலி. குட்டி, எதிரே நிற்பவர் கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் பிடிக்கிறது. பரிசல்காரர்: "இதென்னங்க, வெளயாட்டு சாமானா? அந்தப் பெருசுலயே என்னைய ஒண்ணு எடுங்க."

மீன் வறுவல். கையெல்லாம் எண்ணெய். அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

ஆ. 16, திங்கள்
மண்டபத்தில் எடுத்துப் பார்த்தேன். மேடையில் வெளிச்சம் பத்தாது. குட்டியில் இருட்டுப் பக்கமெல்லாம் புள்ளி புள்ளி. பெரியதில் சுத்தம். அப்போ பெரியதுதான். முடிவு.

மாலை முருகேசன் வந்தான். என்னோடு வீடியோ எடுக்கிறவன், பொம்மிடிக்காரன். "அண்ணா, அவசரத்துல டயல் தெரியாம திரும்பிடுச்சுன்னா? தாலிய ரெண்டாந்தரம் கட்டச் சொல்வீங்களா?" அப்போ குட்டியா? சை, மண்டை காய்கிறது.

ஆ. 17, செவ்வாய்
சாந்தி தன் தம்பியிடம் போனில்: "கல்யாணத்த வச்சிக்கிட்டு இந்த மனுசன் வூட்டுல பொம்மையோட வெளயாடறாரு."

கல்யாணம் நடத்திவைக்கும் ஐயர் வந்தார். "தாலி கட்டற வரைக்கும் நீங்களும் அம்மாவும் மேடைய வுட்டு எறங்கக் கூடாதுங்க."

"நான் கீழ நின்னு போட்டோ எடுக்கணுமே" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "அப்போ தாரை வாக்கறது யாருங்க?" என்றார் ஐயர்.

அடக் கடவுளே. எத்தனை கல்யாணத்தில் அப்பன் கை, சொம்பு, தண்ணீர் என்று க்ளோசப் எடுத்தவன் நான்! இந்தத் தடவை அந்த அப்பன் நான்தான் என்று தோன்றவே இல்லையே. சாந்தி தலையில் அடித்துக்கொண்டாள். கீர்த்தனா மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம ஆல்பம் எதுலயும் நீங்க இல்லப்பா. இதுலயாச்சும் நில்லுங்க."

பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆ. 18, புதன்
இரண்டு கேமராவையும் முருகேசனிடம் கொடுத்து, போட்டோவை அவனையே எடுக்கச் சொன்னேன். "எதுலண்ணா எடுக்கட்டும்?" தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தாலி ஏறும்போது கிட்டப் போ, சாந்தி முகத்தை விட்டுவிடாதே என்று என்னென்னவோ சொன்னேன். "நா பாத்துக்கறேன். நீங்க கேமராவையே மொறைக்காம நின்னாப் போதும்."

ஆ. 19, வியாழன்
மழை இல்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

கீர்த்தனா கை சில்லென்று இருந்தது. மாப்பிள்ளை கையில் வைத்தேன். சாந்தி சொம்பைச் சாய்த்தாள். இத்தனை வருஷமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் இதைப் பார்த்திருக்கிறேன். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

முருகேசன் நேர் எதிரில்தான் நின்றான். கையில் எது இருந்தது? ஞாபகமே இல்லை.